சுவரில் தொங்கிய தப்பு

கொழும்புக் கோட்டையில் காலையில் புறப்பட்ட புகையிரதம் இறம்புக்கனையைத் தாண்டியதும் மெல்ல மெல்ல மலையேறத் தொடங்கியது. கடுகண்ணாவையின் பாறைச் சரிவுகள் கழிந்தன. கம்பளையும் நாவலப்பிட்டியும் கழிந்தன. வட்டவளையை அணுகுகையில் சன்னல் வழியே வந்த காற்றில் குளிர் ஏறியிருந்தது. இருபுறமும் சீவிவிட்டாற்போன்ற தேயிலைச் செடிகள். அவற்றின் நடுவே, தலையில் கயிறு மாட்டி முதுகில் தொங்கவிட்ட கூடைகளுடன் கொழுந்து பறிக்கும் பெண்கள். 1884-ஆம் ஆண்டில் ஹட்டனுக்கும், அதற்கு மறு ஆண்டில் நானுஓயாவுக்கும் இந்த இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. தேயிலையைக் கீழே இறக்குவதற்கென்று போட்ட பாதைதான் என்னைப் போன்றோரை மேலே ஏற்றிவிடுகிறது.

அது 2023-ஆம் ஆண்டு, தை மாதத்தின் பிற்பகுதி. நான் அம்முறை சென்றது மலைக்காட்சி காண்பதற்கன்று. ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் வசிக்கும் ஆசிரிய நண்பர் எனக்கு எழுதியிருந்தார்: “எங்கள் வீட்டுத் தப்பைப் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனால் நல்லது.” ஒரு பழைய தோற்கருவியைப் பற்றி முடிவெடுப்பதற்கு நூறு மைலுக்கு அப்பாலிருந்து ஒருவனை அழைப்பதா என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. போய்ப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஹட்டன் கடல் மட்டத்திற்கு 4,000 அடிக்கு மேலே இருக்கும் ஊர். தை மாதத்தில் அங்கே பகலில் வெயில் தெளிவாக இருக்கும்; மாலை ஐந்து மணியானால் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் எழுந்துவந்து கடைத்தெருவையும் கோயிலையும் மூடிவிடும். பஸ்ஸில் அரை மணி நேரம் சென்று, அதன்பின் மண்பாதையில் ஏறி, நண்பரின் லயத்தை அடைந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் வரிசையாக ஒரே கூரையின் கீழ் நிற்பதுதான் லயம். நண்பரின் குடும்பம் பின்புறத்தில் ஓர் அறையைக் கூடுதலாகக் கட்டியிருந்தது. சமையற்கட்டின் சுவரில், அடுப்புக்கு மேலே, கருத்துப்போய்த் தொங்கியது அந்தத் தப்பு.

தமிழ்நாட்டில் பறை என்று வழங்கும் கருவியே மலைநாட்டில் தப்பு. வளைந்த மூன்று மரத்துண்டுகளை வட்டமாகச் சேர்த்து, இணைப்புகளில் இரும்புத் தகடு அடித்து, ஒரு பக்கம் மட்டும் மாட்டுத்தோலை இழுத்து ஒட்டுவார்கள். மறுபக்கம் திறந்தே இருக்கும். நண்பர் அதை இறக்கி என் மடியில் வைத்தார். தோல் நடுவில் கிழிந்து, ஓரத்தில் சுருண்டிருந்தது. தகடுகளில் ஒன்று துருவேறி உதிர்ந்துவிட்டது. மரவளையத்தின் ஓரிடம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்து, சிறு பள்ளம் விழுந்திருந்தது. தோளில் மாட்டி அணைத்துப் பிடிக்கும் கை பட்டுப்பட்டுத் தேய்ந்த இடம் அது. ஒரு கையின் தேய்வன்று. மூன்று தலைமுறைக் கைகளின் தேய்வு.

“இதை என்ன செய்வது?” என்றார் நண்பர். “கொழும்பில் விசாரித்தேன். மரத்தை இழைத்து, வார்னிஷ் அடித்து, செயற்கைத் தோல் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். நெருப்பில் காய்ச்ச வேண்டியதில்லையாம். மழையானாலும் பனியானாலும் ஒரே நாதமாம். இன்னொருவர், இப்படியே நூதனசாலைக்குக் கொடுத்துவிடு என்கிறார். என் மனைவியோ, சுவரிலேயே இருக்கட்டும், பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறாள்.”

நூதனசாலை என்று அவர் சொன்னது, கம்பளைக்கு அருகே பீகொக் தோட்டத்தில் இருப்பது. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007-ஆம் ஆண்டில், பழைய லயன் அறைகளையே காட்சிக்கூடமாக்கி அதை அமைத்தது. மலைநாட்டுத் தொழிலாளர் புழங்கிய கருவிகளையும் பாத்திரங்களையும் பத்திரங்களையும் அங்கே சேர்த்தார்கள். துரைமார்களின் பங்களாக்களையும் தேயிலையின் பெருமையையும் காட்டுவதற்கு எத்தனையோ இடங்கள் உண்டு; கூடை சுமந்தவர்களின் வாழ்வைக் காட்ட ஓரிடம் வேண்டாமா? ஆகவே அந்த யோசனையும் தள்ளத்தக்கதன்று.

அன்று இரவு உணவுக்குப்பின் நண்பரின் மைத்துனர் மகன் வந்து சேர்ந்தான். ஹட்டனில் கலியாண வீடுகளுக்குப் போகும் இசைக்குழு ஒன்றில் பாஸ் கிட்டார் வாசிப்பவன். “மாமா, மரத்தில் கை வைக்க விட்டுவிடாதீர்கள்” என்று ஆரம்பித்தான். அவன் சொன்ன செய்தி எனக்குப் புதிது. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951-ஆம் ஆண்டில் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த வகைப் பாஸ் கிட்டார்களைப் பழம்பொருளாகச் சேர்ப்பவர்கள் இன்று பலர். பூச்சு உரிந்து மரம் தெரியும் கிட்டாருக்கு அவர்கள் கொடுக்கும் மதிப்பு, அதையே இழைத்துப் புதுப்பூச்சு பூசினால் பெரிதும் குறைந்துவிடுமாம். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற மேதை, தந்தி அறுந்தாலொழிய மாற்றமாட்டாராம். தந்தியில் ஏறிய அழுக்கில்தான் தம் நாதம் இருக்கிறது என்று நம்பினாராம்.

“சரி, தம்பி” என்றேன். “ஆனால் அவர் அந்தக் கிட்டாரைச் சுவரில் மாட்டிவைக்கவில்லையே; அழுக்கேறிய தந்தியோடு நாள்தோறும் வாசித்தாரல்லவா?”

அவன் சற்று யோசித்துவிட்டுச் சிரித்தான்.

யோசித்துப் பார்த்தால் நம் மிருதங்கமே இதற்கு நல்ல சாட்சி. பலாக்கட்டை ஒரு வித்துவானின் ஆயுளையும் கடந்து நிற்கும். தோல் மூட்டை மட்டும் தேயத்தேய மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தோல் புதிது என்பதற்காக அதைப் புது மிருதங்கம் என்று யாரும் சொல்வதில்லை. இத்தாலியில் ஸ்ட்ராடிவாரி என்ற கைவினைஞர் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் செய்த வயலின்கள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றுள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கழுத்துப் பகுதி பிற்காலத்தில் மாற்றப்பட்டதே. உள்ளே ஒட்டியிருக்கும் தாங்குசட்டமும் புதியதே. பெரிய மண்டபங்களில் உரக்க ஒலிக்க வேண்டிய காலம் வந்தபோது அப்படி மாற்றினார்கள். மாற்றியதனால்தான் அவை இன்றும் மேடையில் பாடுகின்றன. இசைக்கருவியில் தேய்வதற்கென்றே அமைந்த உறுப்பும் உண்டு, தேயாமல் காக்க வேண்டிய உறுப்பும் உண்டு. தப்பில் முன்னது தோல், பின்னது மரம்.

“அப்படியானால் தோலை மட்டும் மாற்றிவிடலாம், வார்னிஷும் வேண்டாம், செயற்கைத் தோலும் வேண்டாம்” என்று நான் முடித்தேன். பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தேன். நண்பர் ஒன்றும் பேசவில்லை. விளக்கை அணைக்கும்போதுதான் மெதுவாகச் சொன்னார்: “தோலும் மரமும் பெரிய காரியமில்லை. இது மறுபடியும் ஒலிக்கத்தான் வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.”

மறுநாள் காலையில், தேயிலை மலையின் ஓரமாக நடந்துகொண்டே அவர் அந்தக் கேள்வியை விரித்தார்.

மலைநாட்டுத் தோட்டங்களில் தப்பு வெறும் திருவிழாக் கருவியன்று. விடியுமுன் இருட்டில், லயங்களைச் சுற்றி ஒருவர் தப்படித்துப் போவார். அந்த ஒலி கேட்டு எழுந்து, பனியில் நடுங்கிக்கொண்டு, ஆணும் பெண்ணும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். அங்கே துரையோ கணக்குப்பிள்ளையோ பேர் கூப்பிட்டு, எந்த மலையில் கொழுந்து, எந்த மலையில் கவ்வாத்து என்று பிரித்தனுப்புவார். நேரம் தவறினவருக்கு அன்றைக்குப் பேர் இல்லை; பேர் இல்லையென்றால் கூலியும் இல்லை. பெரட்டுத் தப்பு என்று அதற்குப் பெயர். மலைநாட்டின் எழுத்தாளர்களுள் மூத்தவரான சி. வி. வேலுப்பிள்ளை, 1914-இல் மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்தவர். தேயிலைத் தோட்ட வாழ்வை அவர் கவிதையில் தீட்டியபோது விடியற்காலைத் தப்பொலிக்கும் அதில் இடம் கொடுத்தார். அந்த ஒலி இன்றி அந்த வாழ்க்கை இல்லை.

“இந்தத் தப்புத்தான் எங்கள் தோட்டத்தில் பெரட்டுத் தப்பு” என்றார் நண்பர். “என் தாத்தா அடித்தார். அப்பாயிக்குக் கடைசிக் காலம் வரைக்கும் எங்கே தப்புச் சத்தம் கேட்டாலும் வயிற்றைக் கலக்குமாம். கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு ஓடின நினைவு வருமாம். பிறகு இங்கே மணி வந்தது, தொழிற்சாலைச் சங்கு வந்தது. தப்பு சாவுக்கும் சாமிக்கும் மட்டுமென்று ஆயிற்று.”

அவர் அடுத்துச் சொன்னது அதைவிடக் கனமானது. தப்படிப்பது ஒரு சாதியாரின் கடமை என்று இந்தியாவில் சுமத்தியிருந்தார்கள். கடல் தாண்டி வந்த பிறகும் அந்தச் சுமை இறங்கவில்லை. கொழுந்து எல்லோருக்கும் ஒரே கூடையில்தான் நிறைந்தது. ஆயினும் சாவு வீட்டில் தப்படிக்க வேண்டியவர் யார் என்பது மட்டும் மாறவில்லை. நண்பர் பள்ளியில் படிக்கும்போது “தப்புக்காரன் பேரன்” என்றுதான் அவரைக் கூப்பிட்டார்கள். மகன் ஆசிரியராக வேண்டும் என்று உறுதிகொண்ட தகப்பனார், ஒரு நாள் தப்பைச் சுவரில் மாட்டி, “இனி இதை நீ தொடக் கூடாது” என்று சொல்லிவிட்டார். நண்பருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதுவரை அவர் அதை ஒருமுறைகூட அடித்ததில்லை.

“நான் ஆசிரியனானதே இதைத் தொடாததால்தானோ என்று சில சமயம் தோன்றும்” என்றார். “இப்போது நானே காசு கொடுத்து அதற்கு உயிர் கொடுப்பதா?”

இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. வயலின் கதையும் கிட்டார் கதையும் இந்த இடத்தில் உதவவில்லை. பழம்பொருளின் விலையைக் கணக்கிடலாம். பழைய வலியின் கணக்கை அதைச் சுமந்தவர்தான் தீர்க்க வேண்டும்.

அன்று பிற்பகல் நாங்கள் மேல் லயத்தில் இருந்த அவருடைய பெரியப்பாவைப் பார்க்கப் போனோம். எண்பதை நெருங்கியவர். அந்தத் தோட்டத்தில் காமன் கூத்துக்குக் கடைசியாகத் தப்படித்தவர் அவரே. இஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தார். தப்பைக் கையில் கொடுத்ததும் தோலை அவர் பார்க்கவில்லை. வளையத்தைத் திருப்பித் திருப்பி விரலால் தடவினார்.

“இந்தத் துண்டு வேம்பு, ஐயா” என்று எனக்குக் காட்டினார். “புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து எங்க பாட்டன் கொண்டுவந்தது. மத்த ரெண்டும் பலா. ஒண்ணை எங்கப்பா போட்டாரு. இன்னொண்ணு நான் போட்டது.”

அவர் பாட்டனார் வந்தது கால்நடையாக. தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் அவர் ஒருவர். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும், 1869-இல் தோன்றிய இலைநோயால் கோப்பிப் பயிர் அழியத் தொடங்கியதும் நூல்களில் உள்ள வரலாறு. ஒரு வேப்பந்துண்டும் இரண்டு பலாத்துண்டும் சேர்ந்த இந்த வளையம் அந்த வீட்டு வரலாறு.

இவ்வீட்டில் ஒரு காலத்தில் இரண்டு தப்புகள் இருந்தனவாம். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் மலைநாட்டு மக்களை எண்ணிக்கையால் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமிருந்தவர்களைப் பற்றிப் பிறகு பார்ப்பது என்று. அந்தப் பங்கீட்டில் பெரியப்பாவின் தம்பி ஒருவர் நீலகிரிக்குப் போனார். ஒரு தப்பு அவரோடு கப்பலேறியது. மற்றது இங்கே தங்கியது.

நண்பர் தயங்கித் தயங்கித் தம் மனத்திலிருந்ததைச் சொன்னார். அப்பாயியின் பயத்தையும், தகப்பனார் இட்ட தடையையும் சொன்னார். கிழவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு சொன்னார்:

“உங்கப்பன் செஞ்சது சரிதான், தம்பி. அன்னைக்கு அப்படித்தான் செய்யணும். ஆனா தப்பு என்ன தப்புப் பண்ணிச்சு? அடிக்கச் சொன்னவன் ஒருத்தன், அடிச்சவன் ஒருத்தன். கட்டளைக்கு அடிச்சா அது பெரட்டு. நம்ம மனசுக்கு அடிச்சா அது காமன் கூத்து. ரெண்டும் இதே தோல்தான்.”

சற்று நேரம் கழித்து, “நீ வேண்டாம்னா எனக்கு வருத்தமில்லே. ஆனா வெட்கத்துக்காக வேண்டாம்னு சொல்லாதே” என்றார்.

திரும்பி வரும் வழியில் நண்பர் ஒரு சொல்லும் பேசவில்லை. லயத்து வாசலுக்கு வந்ததும், “தோல் மாற்றுவோம்” என்றார்.

நான் ஊர் திரும்பிவிட்டேன். பணி நடந்த விதத்தை நண்பர் கைத்தொலைபேசியில் அவ்வப்போது தெரிவித்துவந்தார். கண்டிப் பக்கத்தில் பெரஹெரா மேளங்களுக்குத் தோல் கட்டும் சிங்களக் கைவினைஞர் ஒருவரிடமிருந்து கன்றுத்தோல் வந்தது. புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சிப் பசை ஆக்கியவர் நண்பரின் மனைவி; சுவரிலேயே இருக்கட்டும் என்று சொன்னவர்தாம் அவர். ஊறவைத்த தோலை வளையத்தின்மேல் இழுத்து ஒட்டி, கயிற்றால் இறுக்கி, நிழலில் உலர்த்தினார்கள். சமவெளியில் சீக்கிரம் உலர்வது மலையில் நாள் பிடித்தது. துருவேறிய தகடு ஒன்றை மட்டும் மாற்றினார்கள். மரத்தை இழைக்கவில்லை, பூச்சும் பூசவில்லை. கைப்பள்ளம் அப்படியே இருக்கிறது. கிழிந்த பழைய தோலையோ எறியவில்லை. அதை நூதனசாலைக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று. பெரட்டுக்கு அடித்த தோல் அதுதான். ஆகவே அது போய்ச் சேர வேண்டிய இடமும் அதுதான் என்பது நண்பரின் எண்ணம்.

மாசி மாதம் வந்தது. அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் கம்பம் நட்டார்கள். ரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம், சிவனின் தவம், நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிதல், ரதியின் புலம்பல் என்று பௌர்ணமி வரை நீளும் கூத்து அது. மலைநாட்டில் அதற்கு உயிர்நாடி தப்பு. நான் பௌர்ணமிக்கு மறுபடியும் மலையேறினேன்.

இரவு பத்து மணி. கோயில் முற்றத்தில் சருகைக் குவித்துத் தீ மூட்டியிருந்தார்கள். பனிமூட்டத்தில் தோல் தளர்ந்துவிடும். ஆகையால் காய்ச்சிக் காய்ச்சித்தான் அடிக்க வேண்டும். பெரியப்பா தப்பைத் தீயின் முன் பிடித்து, விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். தொப்பென்றிருந்த ஓசை மெல்ல மெல்லக் கணீரென்று ஏறியது. செயற்கைத் தோலுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று கொழும்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. தீயைச் சுற்றி நின்ற பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தபோது, இந்தத் தொல்லையும் கூத்தின் ஒரு பகுதிதான் என்று தோன்றிற்று.

பதம் வந்ததும் கிழவர் எல்லோரையும் பேசாமலிருக்கச் சொன்னார். “முதல்ல ஒண்ணு அடிக்கிறேன். பிள்ளைகள் ஒருதரம் கேட்டுக்கட்டும்” என்றார். பெரட்டுத் தப்பு அது. விட்டுவிட்டு விழும் ஒரே சீரான அடி. ஆடச் சொல்லாத அடி. வயதான பெண்கள் சிலர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். மைத்துனர் மகன் அதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொண்டான். ஒரு நிமிடந்தான். கிழவர் நிறுத்திவிட்டு, “இப்படித்தான் கூப்பிட்டாங்க. தெரிஞ்சு வச்சுக்கங்க. இதை வேலைக்குன்னு இனிமே யாரும் அடிக்க வேண்டாம்” என்றார்.

பிறகு தப்பைத் தம் தம்பி மகனிடம் நீட்டினார்.

ஆசிரியர் அதை வாங்கித் தோளில் மாட்டினார். நீண்ட மூங்கிற்குச்சி இடக்கையிலும் குட்டைக் குச்சி வலக்கையிலுமாக, எப்படிப் பிடிப்பது என்று பெரியப்பா காட்டிக் கொடுத்தார். கை அந்தப் பள்ளத்தில் போய்த் தானே அமர்ந்தது. முதல் அடி தடுமாறியது, இரண்டாவதும் தடுமாறியது. அவரிடம் படிக்கும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். அருகிலிருந்த இளைஞர்கள் தங்கள் தப்புகளில் காமன் கூத்தின் அடியை எடுத்துக்கொடுக்க, கொஞ்சங்கொஞ்சமாக அவருடைய அடியும் அதில் கலந்தது. சிறிது நேரத்தில் எது அவருடைய தப்பு என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

தமிழ்நாட்டில் பறையின் நிலை மாறிவருவதை வாசகர்கள் அறிவார்கள். திண்டுக்கல்லில் 1990-இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் பெண்களே பறையடித்து ஆடினார்கள். 2025-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நான் சொன்ன தோட்டத்தில் விருதும் இல்லை, மேடையும் இல்லை. மலைநாட்டு மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து அதே 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து சென்றார்கள். அச்செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது, அந்த வழியே ஒருவர் தோளில் வந்த வேப்பந்துண்டு ஒன்றுதான் என் நினைவில் நின்றது.

அண்மையில் நண்பரிடம் தப்பைப் பற்றி விசாரித்தேன். இன்னமும் அடுப்புக்கு மேலேதான் தொங்குகிறதாம். “அங்கேதான் தோலுக்குச் சூடு கிடைக்கும், கூப்பிட்டால் சீக்கிரம் பதத்துக்கு வரும்” என்றார். முன்னே ஓர் ஆணியில் அழுந்த மாட்டியிருந்தார்கள். இப்போது பிள்ளைகளுக்கும் எட்டும்படி ஒரு முழம் கீழே இறக்கி மாட்டியிருக்கிறார்களாம்.